மணமுறையும் மணிமுடியும்

நயினாதீவைப் பற்றி நூல்கள் சொல்லும் முதலாவது யுத்தம் ஒரு சீதன வழக்கு. இதை நான் வானொலியில் சொன்னபோது நேயர்கள் சிலர் சிரித்திருக்கக்கூடும். ஆனால் மகாவம்சத்தின் முதலாம் அத்தியாயத்தை நிதானமாகப் படிப்பவர் வேறு முடிவுக்கு வருவது கடினம். நாகதீபத்து நாகர்களின் அரசன் மகோதரன். அவனுடைய தங்கையைக் கண்ணவட்டமான மலையிலிருந்த இன்னொரு நாகராசனுக்கு மணம் முடித்துக் கொடுத்திருந்தார்கள். அவள் வயிற்றுப் பிள்ளை சூளோதரன். அவளுடைய தகப்பன் இரத்தினங்கள் பதித்த ஆசனம் ஒன்றை மகளுக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டான். ஆசனம் மகனுக்கா, மகளின் பிள்ளைக்கா என்று அம்மானும் மருமகனும் படை திரட்டினார்கள். களனியிலிருந்து மணியக்கிகன் என்னும் நாகராசனும் போருக்கு வந்தான். அவன் யார்? மகோதரனுக்கு அம்மான்!

புத்தர் வந்து சமாதானம் சொல்ல, இருபகுதியாரும் ஆசனத்தை அவருக்கே கொடுத்துவிட்டதாகக் கதை முடிகிறது. மணிமேகலைக் காப்பியமும் மணிபல்லவத்துப் புத்த பீடிகையைப் பற்றிச் சொல்லும்போது இரு நாக அரசர் பொருத கதையைச் சொல்கிறது. மணிபல்லவம் நயினாதீவே என்பது இப்பகுதியார் பலர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கருத்து. அதில் விவாதங்கள் உண்டு. இன்று நமக்கு அது பொருளன்று. சண்டை பிடித்தவர்களின் முறைதான் நமக்குப் பொருள். அண்ணனும் தம்பியும் அடிபடவில்லை. ஒரு பெண்ணை மணம் முடித்துக் கொடுத்ததால் உண்டான உறவு அடிபட்டது. மகளுக்குக் கொடுத்த சொத்து மகளுக்கே உரியது என்பது, ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டளவில் சட்டமாக எழுதப்பட்ட நமது தேசவழமையின் உயிர்நாடி. யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் இந்த வழக்கைக் கொடுத்திருந்தால் சூளோதரனின் பக்கமே வாதிடுவதற்குச் சுலபம் என்றிருப்பார்.

அரச குலங்களின் கதை என்றால் போரும் வெற்றியும் கொடையும் என்றே பாடநூல்களில் படித்து வந்திருக்கிறோம். அவற்றின் உள்ளே ஓடும் நரம்பு மணவினை. யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாமல் எந்த அரச வம்சத்தின் வரலாற்றையும் விளங்கிக்கொள்ள முடியாது. இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது ஜேர்மனியிலிருந்த கோபர்க் என்ற சின்னஞ்சிறு சமஸ்தானத்தின் குடும்பம். படை பலத்தால் அது யாரையும் வென்றதில்லை. சம்பந்தம் பேசியே வளர்ந்தது. அக்குடும்பத்தின் இளைய மகன் லியோப்பால்ட் 1831இல் பெல்ஜியத்தின் முதல் அரசரானார். அவருடைய தமக்கையின் மகள் இங்கிலாந்தின் விக்ரோறியா மகாராணி. மகாராணி 1840இல் மணந்துகொண்ட அல்பேட், லியோப்பால்டின் தமையன் மகன். அதாவது மகாராணிக்கு அவர் தாயின் சகோதரன் மகன்.

ஆங்கில நூல்கள் இதை 'கசின்' என்ற சொல்லோடு முடித்துவிடும். தமிழில் முடியாது. தாயின் சகோதரன் மகன் மச்சான். தாயின் சகோதரி மகன் தமையன் அல்லது தம்பி. முன்னவரை மணக்கலாம், பின்னவரை மணப்பது பாவம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டிவிடுகிறது. ஆகவே விக்ரோறியா மகாராணி கட்டிக்கொண்டது சொந்த மச்சானை என்று நான் வகுப்பில் சொன்னபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன், "அப்ப அவ எங்கட ஆள்தான் சேர்" என்றான். 

அந்த மாணவனுக்காகவே கரும்பலகையில் மிச்சத்தையும் போட்டுப் பார்த்தேன். 1914இல் உலக மகாயுத்தம் தொடங்கியபோது மூன்று பெரிய சிம்மாசனங்களில் இருந்தவர்கள் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜோர்ஜ், ஜேர்மனியின் இரண்டாம் வில்லியம், ரஷ்யாவின் இரண்டாம் நிக்கலஸ். மூவரும் 'கசின்கள்' என்று எழுதுவது வழக்கம். முறை சொல்லிப் பாருங்கள். ஜோர்ஜின் தாயும் நிக்கலஸின் தாயும் டென்மார்க் அரசரின் பெண் மக்கள், உடன்பிறந்த சகோதரிகள். ஆகவே ஜோர்ஜும் நிக்கலஸும் அண்ணன் தம்பி முறை. வில்லியத்தின் தாய் விக்ரோறியா மகாராணியின் மூத்த மகள். அவருடைய தம்பியின் மகன் ஜோர்ஜ். ஆகவே வில்லியமும் ஜோர்ஜும் மச்சான்மார். நிக்கலஸின் மனைவி அலெக்சாந்திரா, வில்லியத்துக்குத் தாயின் தங்கை மகள். எனவே தங்கை முறை. தங்கையின் கணவன் மச்சான். இப்படிப் பார்த்தால் இரண்டு சகோதரர்களும் ஒரு பக்கம் நிற்க, இருவருக்கும் பொதுவான மச்சான் எதிர்ப்பக்கம் நின்ற யுத்தம் அது. தமிழ் முறைப்பெயரால் எண்ணும்போது மட்டுமே தெரியும் ஒழுங்கு இது. ஐரோப்பியருக்கு இந்த ஒழுங்கு தெரியாது என்பதும், அதனால் அவர்களுக்கு ஒரு நன்மையும் வரவில்லை என்பதும் வேறு விடயம். 1917இல் சகோதரன் முறையான நிக்கலஸுக்குப் புகலிடம் கொடுப்பதாக முதலில் சொன்ன பிரித்தானியா, ஜோர்ஜ் மன்னர் விரும்பாததால் பின்வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் மன்னர் தம் குலத்தின் ஜேர்மன் பெயரை விட்டு வின்ட்சர் என்று மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் நிக்கலஸ் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

நமது கண்ணுக்கு உறுத்தும் மணங்களும் அக்குடும்பத்தில் உண்டு. வில்லியத்தின் தம்பி ஹென்றி 1888இல் மணந்த ஐரீன், அவருக்குத் தாயின் தங்கை மகள். நமது ஊரில் இதை வாயால் சொல்லவே கூசுவார்கள். அவர்களுக்குப் பிறந்த மூன்று ஆண்பிள்ளைகளில் இருவருக்கு இரத்தம் உறையாத நோய் இருந்தது. முறை தப்பிய மணத்தால் வந்த தண்டனை என்று இதற்கு விளக்கம் சொல்வாருண்டு. அது சரியன்று. அந்த நோய் தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு இறங்குவது. ஐரீன் எந்த அந்நியரை மணந்திருந்தாலும் இறங்கியிருக்கக்கூடியது. இன்னுமொன்றையும் சொல்லவேண்டும். மச்சான் மச்சாள் என்றும் சகோதரம் என்றும் நாம் பிரிப்பது மொழியும் வழக்கமும் இட்ட கோடு. இரத்தத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நெருக்கம்தான். சொந்தத்துக்குள் மணம் பேசுவோர் வைத்தியரிடம் கேட்பது நல்லது என்பது மச்சானுக்கும் பொருந்தும்.

வடநாட்டுத் தருமசாத்திரங்களுக்கு மாமன் மகளை மணப்பது பிடிக்காத காரியம். ஆயினும் போதாயனர் தமது தருமசூத்திரத்தில் அது தென்னாட்டார் வழக்கம் என்று குறித்து வைத்தார். தென்னாட்டார் என்றதில் ஈழத்தவரையும் சேர்த்துக்கொள்ளலாம். சிங்கள அரச குலத்தவரையுந்தான். அதற்குச் சாட்சி தேட நயினாதீவை விட்டு நாம் வெளியே போகவேண்டியதில்லை.

நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பரதேசிகள் ஊர்காவற்றுறைக்கே வந்து சேரவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. சரக்கு மரக்கலம் உடைந்தால் சரிபாதி என்று கணக்கும் சொல்கிறது. சிங்கள மன்னன் ஒருவனின் ஆணை எப்படித் தமிழில் வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். துறைமுகத்தில் வழங்கிய மொழி தமிழ் என்பது நேரான விடை. அந்த மன்னனின் சொந்தக் குடும்பக் கதையையும் சேர்த்துச் சொன்னால் விடை இன்னும் சுவைக்கும்.

சோழரை 1070இல் பொலநறுவையிலிருந்து விரட்டிய முதலாம் விஜயபாகுவுக்கு மித்தா என்றொரு சகோதரி. அவளைப் பாண்டிய இளவரசன் ஒருவனுக்கு மணம் முடித்துக் கொடுத்தான் விஜயபாகு. தானோ கலிங்க தேசத்துத் திலோகசுந்தரியை மணந்துகொண்டான். மித்தாவுக்கு மானாபரணன், கீர்த்திசிறீமேகன், சிறீவல்லபன் என மூன்று ஆண்பிள்ளைகள். விஜயபாகுவுக்குத் திலோகசுந்தரி வயிற்றில் விக்கிரமபாகு என்ற மகனும் பெண்மக்களும். அப்பெண்களில் ஒருத்தி இரத்தினாவலி. அவளை மித்தாவின் மூத்த மகன் மானாபரணனுக்கே கொடுத்தான். அத்தையின் மகனுக்கு மாமன் மகள்! பாண்டியர் வீட்டுக்குப் போன சகோதரியின் வழி, அடுத்த தலைமுறையில் மருமகனாய் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அந்த மானாபரணனுக்கும் இரத்தினாவலிக்கும் பிறந்தவனே நமது கல்வெட்டு மன்னன் பராக்கிரமபாகு. தகப்பனின் தகப்பன் பாண்டியன். தாயின் தாய் கலிங்கத்தாள். 'சிங்கள மன்னன்', 'தமிழ் மன்னன்' என்று இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இந்த இடத்தில் சற்றே தடுமாறத்தான் வேண்டும்.

இவ்வளவு நெருக்கமாக முடிச்சுப் போட்டும் வீட்டில் சண்டை நின்றதா? 1110இல் விஜயபாகு இறந்ததுமே தொடங்கிவிட்டது. மகன் விக்கிரமபாகு இருக்க, மித்தாவின் பக்கத்தார் விஜயபாகுவின் தம்பியை அரசனாகவும் மானாபரணனை அடுத்த வாரிசாகவும் ஆக்கினார்கள். விக்கிரமபாகு படையோடு வந்து பொலநறுவையைப் பிடித்துக்கொண்டான். நாற்பது வருடம் நாடு துண்டுபட்டுக் கிடந்தது. பராக்கிரமபாகு வளர்ந்து வாளெடுத்தபோது பொலநறுவையில் இருந்தவன் விக்கிரமபாகுவின் மகன் இரண்டாம் கஜபாகு. தாயின் சகோதரன் மகன், அதாவது மச்சான். உறுகுணையில் இருந்தவன் சிறீவல்லபனின் மகன், பெயர் அவனுக்கும் மானாபரணன். சித்தப்பா மகன், அதாவது சகோதரன். ஒரு மச்சான், ஒரு சகோதரன், நடுவில் இவன். மூவரும் மாறி மாறிச் சேர்ந்தும் பிரிந்தும் பொருதார்கள். 1914இன் ஐரோப்பிய வரைபடம் ஏறக்குறைய எண்ணூறு வருடத்துக்கு முன்பே பொலநறுவையில் வரையப்பட்டுவிட்டது என்று சொன்னால் மிகையாகுமோ? 1153இல் பராக்கிரமபாகு முழு நாட்டுக்கும் அரசனான பின்னும் உறுகுணையில் அவனை எதிர்த்து நின்றவள் அந்த மானாபரணனின் தாய் சுகலா. இவனுக்குச் சின்னம்மா முறை. மகன் செத்த பிறகும் புனித தந்தத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு போர் நடத்திய அந்தச் சின்னம்மாவைப் பற்றி நாடகம் எழுத யாராவது முன்வரவேண்டும்.

இத்தனை மணங்களிலும் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்பது தனிக் கேள்வி. வரலாற்று நூல்களில் மித்தா பேசுவதில்லை. காப்பியத்தில்தான் ஒருத்தி தன் விருப்பத்துக்கு நடக்கிறாள். மணிமேகலையில் வரும் நாக இளவரசி பீலிவளை, சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளியுடன் ஒரு மாதம் கூடியிருந்து, சொல்லாமல் போய்விடுகிறாள். பின்பு பிள்ளையோடு மணிபல்லவத்துக்கு வந்து, புத்த பீடிகையை வணங்கி, கம்பளச் செட்டியின் மரக்கலத்தில் பிள்ளையைத் தகப்பனிடம் அனுப்புகிறாள். தான் போகவில்லை. கலம் அன்றிரவே உடைந்தது. பிள்ளையைத் தேடிய துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. முறையாக ஏற்கப்படாத ஒரு மணத்தின் பிள்ளை நயினாதீவுக் கடலில் தொலைந்ததற்குத் தண்டனையாகப் புகார் அழிந்தது என்று நான் இக்கதையைப் படிப்பதுண்டு. புலவர் அப்படி நினைத்தாரோ இல்லையோ, கதை அதற்கு இடம் தருகிறது.

இனி நல்லூருக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, பரராசசேகரனின் வீட்டுக் கதையை விரித்துச் சொல்கிறது. பட்டத்தரசி சோழர் வழி வந்த இராசலட்சுமி. அவள் பிள்ளைகள் சிங்கவாகு, பண்டாரம். இரண்டாமவள் வள்ளியம்மை, அவளுடைய மூத்த மகன் பரநிருபசிங்கம். மூன்றாமவள் மங்கத்தம்மாள். அவளுக்கு மனைவி என்ற பெயரை வைபவமாலை கொடுப்பதில்லை. அவளுடைய மகன்தான் சங்கிலி. சிங்கவாகு நஞ்சுண்டு இறந்தான். பண்டாரம் வெட்டுண்டு இறந்தான். பரநிருபசிங்கம் வைத்தியத்துக்காகக் கண்டிக்குப் போயிருந்த சமயத்தில் சங்கிலி முடி சூடினான் என்று கதை போகிறது. 1519இல் அரசேறிய முதலாம் சங்கிலியையும் 1619இல் போர்த்துக்கேயரிடம் நாட்டை இழந்த இரண்டாம் சங்கிலியையும் புலவர் ஒருவராகவே குழைத்துவிட்டார் என்பர் வரலாற்றாசிரியர். அது ஒருபுறமிருக்க, புலவரின் பேனா மங்கத்தம்மாள் மகனுக்கு எதிராகச் சாய்ந்தே ஓடுகிறது என்பது என் எண்ணம். பட்டத்தரசி பிள்ளை செய்திருந்தால் அரசியல் எனப்பட்டிருக்கக்கூடியது, காமக்கிழத்தி பிள்ளை செய்ததால் துரோகமாயிற்று.

அதே குடும்பத்தில்தான் காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய அரசகேசரியும் இருந்தார். ஒரு குலத்தின் வம்சாவளியைப் பாடும் காப்பியத்தை, தானே ஒரு குலக்கொடியில் தொங்கிய இளவரசர் பாடத் தெரிவு செய்தார்! மரபு அவரைப் பரராசசேகரனின் 'மருகன்' என்கிறது. மருகன் என்றால் சகோதரி மகனா, மகளின் கணவனா? சற்று முன் ஆங்கிலத்தின் கோணிப்பையைக் கேலி செய்தேன் அல்லவா. நம்மிடமும் ஒன்று உண்டு. ஆனால் காரணத்தோடு. சகோதரி மகனுக்கே மகளைக் கொடுக்கும் சமூகத்தில் இருவரும் ஒருவரே. இரண்டு சொல் எதற்கு என்று மொழி நினைத்திருக்கிறது.

மங்கத்தம்மாளின் நிலைக்கு ஜேர்மன் பிரபு குலங்களில் எழுதப்பட்ட சட்டமே இருந்தது. அரச குலத்தவன் சமமான குலத்தில் மணக்கவேண்டும். தாழ்ந்த இடத்தில் மணந்தால், அது 'இடக்கை மணம்'. மணமகன் வலக்கைக்குப் பதில் இடக்கையைக் கொடுப்பானாம். மனைவிக்குப் பட்டம் இல்லை, பிள்ளைக்கு முடி இல்லை. ஒஸ்ரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்ட், சோபி என்ற பிரபு வீட்டுப் பெண்ணை விரும்பினார். தம் பிள்ளைகளுக்கு அரசுரிமை இல்லை என்று 1900ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி சத்தியம் செய்து கொடுத்த பிறகே மணம் நடந்தது. சரியாகப் பதினான்கு வருடம் கழித்து, அதே ஜூன் 28இல், இருவரும் சரயேவோ நகரில் சுடப்பட்டார்கள். உலக யுத்தம் அதிலிருந்து மூண்டது.

இந்தச் சட்டம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். கண்டி அரசில் அது எழுதப்படாமலே இருந்தது. கண்டி மன்னர் மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்களை வருவித்து மணந்தனர். பட்டத்துக்கு உரியவன் அரச குலத்துத் தாய் வயிற்றில் பிறந்திருக்கவேண்டும் என்பது விதி. வீர நரேந்திரசிங்கனுக்குச் சிங்களப் பிரபு வீட்டுப் பெண்ணொருத்தியிடம் உனம்புவே என்ற மகன் இருந்தான். மதுரை அரசிகளிடம் பிள்ளையில்லை. 1739இல் மன்னன் இறந்தபோது சொந்த மகன் வெளியே நின்றான். அரசியின் சகோதரன் சிறீ விஜயராஜசிங்கன் என்ற பெயரில் முடி சூடினான். அவனுக்கும் பிள்ளையில்லை. 1747இல் அவனுடைய அரசியின் சகோதரன் கீர்த்தி சிறீ ராஜசிங்கனானான். இவனுக்குப் பிறகு 1782இல் இவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன். தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கவேண்டிய முடி, மச்சானிலிருந்து மச்சானுக்குக் கைமாறிப் போனதை வேறெங்கும் இவ்வளவு சுத்தமாகக் காண்பது அரிது. பெண்ணைக் கொடுத்த வீடே நாட்டையும் எடுத்துக்கொண்டது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கண்டியில் பௌத்த சங்கத்துக்குச் சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து 1753இல் மீண்டும் உபசம்பதா கொடுப்பித்தவன் அந்தக் கீர்த்தி சிறீயே.

1798இல் வந்த கடைசி மன்னன் கண்ணுசாமி, அதாவது சிறீ விக்கிரம ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கனுடைய அரசியின் 'நெவியூ' என்று ஆங்கில நூல்கள் எழுதுகின்றன. மருமகனா, பெறாமகனா என்று கேட்காமல் ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சி இந்தக் கதையை மேலே நகரவிடமாட்டாள். பெறாமகன் என்ற சொல்லே இப்போது அருகி வருகிறது. தீவகத்துக் குடும்பங்கள் பாரிசிலும் ரொறன்ரோவிலும் பரந்து கிடக்கின்றன. நெடுந்தீவில் ஒரே வளவில் நின்ற ஐந்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்து தேசத்தில் வளர்கிறார்கள். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு எல்லோரும் கசின். பெரியவர்கள் எல்லோரும் அங்கிள், அன்ரி. என் வகுப்பில் தம் குடும்ப மரத்தை வரைந்து வரும்படி சொன்னேன். வந்த இருபத்தேழு மரங்களில் பத்தொன்பதில் அம்மானும் சித்தப்பாவும் ஒரே பெயரில் நின்றார்கள். அவர்களைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட ஆள் பக்கத்தில் இருந்தால்தானே சொல் நாவில் நிற்கும்.

ஆங்கிலேயர் மட்டும் ஒரு தடவை இந்த விடயத்தில் மிகக் கவனமாக இருந்தார்கள். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டியில் கைச்சாத்தான உடன்படிக்கையின் தொடக்க உறுப்புகளைப் படித்துப் பாருங்கள். அரசனை நீக்கியதோடு நிற்கவில்லை. மணத்தால் வந்த உறவாயினும் இரத்தத்தால் வந்த உறவாயினும், மேல்நோக்கி, கீழ்நோக்கி, பக்கவாட்டாக எந்த வழியில் வந்ததாயினும், அவனுடைய உறவினர் எவருக்கும் கண்டி முடியில் உரிமை இல்லை என்று ஒவ்வொரு கிளையாக எண்ணி வெட்டினார்கள். ஆண் உறவினர் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் கால் வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. மச்சானால் வந்த முடி என்பதை அவர்கள் நன்றாகவே விளங்கியிருந்தார்கள். 1816இல் மன்னனையும் அரசிகளையும் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1832 ஜனவரி 30ஆம் திகதி மன்னன் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் நினைவு மண்டபம் இருக்கிறது. சிறையிலே பிறந்த மகனும் 1843இல் இறந்துபோனான்.